மீராசாஹிபு வாய்க்கூடு பூட்டிய நாள்

வீட்டு நாய்களைப் பதிவேட்டில் பதிகிற உத்தியோகம் மீராசாஹிபுக்கு எப்படித்தான் வாய்த்ததோ! குட்டி நாய் எதிரே வந்தாலும் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீதியின் மறுபக்கம் தாவுகிற மனிதர். கல்முனை நாய்களையெல்லாம் கேற்றுக்கு வெளியே நின்றே பதிந்து காலத்தை ஓட்டிவிட்டார்.

அந்த வசதிக்கு வேட்டு வைத்தது புதுச் சட்டம். ரொட்வைலர் மாதிரியான நாய் வளர்ப்பவர்கள், உத்தியோகத்தர் பார்க்க, அது கடிக்காதபடி வாய்க்கூடு பூட்டி வீதிவரை நடத்திக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் நாயைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

செசிலியின் றெக்ஸுக்கு அன்றுதான் கடைசித் தவணை. கட்டாருக்குப் போன மகன் றொனி விட்டுப்போன ரொட்வைலர் நாய். வீட்டில் அவளுக்கு வேறு துணை இல்லை. வழுக்கி விழுந்ததில் வலது கையில் பிளாஸ்டர். ஒற்றைக் கையால் வாய்க்கூட்டின் வாரைப் பூட்ட எவ்வளவோ முயன்றும் வரவில்லை. வெளியே ட்ரக்டரில் நாய் பிடிக்கிறவன் ஒருவன் சுருக்குக் கயிற்றோடு காத்திருந்தான்.

“ஏலாது காக்கா. கொண்டு போங்க,” என்று கேற்றுக்கு வெளியே நின்ற மீராசாஹிபுவிடம் சொன்னவள் அழுதுவிட்டாள்.

றெக்ஸ் எழுந்து வந்து, அவள் பிளாஸ்டர் கையின்மேல் தாடையை மெல்ல வைத்தது. அவ்வளவு பெரிய தலை, அவளுக்கு ஒரு துளி நோகவில்லை!

“சுப்ஹானல்லாஹ்!” என்றார் மீராசாஹிபு. பிறகு கேற்றைத் திறந்தார்.

“ஆர் பூட்டணும் எண்டு சட்டத்தில இல்லயே தங்கச்சி. நீங்க புடிங்க.”

“ஐயோ காக்கா, எச்சில் படும். உங்கட மார்க்கத்தில கூடாதே!”

“பட்டா ஏழு தரம் கழுவுறதுதானே, அதில ஒரு தரம் மண்ணால. சுத்தமான மண் கொஞ்சம் எடுத்து வைங்க.”

உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வாய்க்கூட்டை நீட்டினார். றெக்ஸ் அவர் மணிக்கட்டை ஒருமுறை நன்றாக நக்கிவிட்டு, தானாகவே வாயை உள்ளே நுழைத்தது. வாரைப் பூட்டிய வேகத்தில் பைப்படிக்கு ஓடினார். மண்ணைக் குழைத்து ஒரு தரம், வெறும் தண்ணீரில் ஆறு தரம் தேய்த்துக் கழுவினார். இப்பேர்ப்பட்ட படைப்பையா இத்தனை காலமும் பயந்து பார்க்காமல் விட்டோம் என்ற வியப்பு மட்டும் அடங்கவேயில்லை.

செசிலி நாயை நடத்திக்கொண்டு வந்தாள். கேற்றடியில் வாய்க்கூடு நழுவி விழுந்தது. பயத்தில் வாரைத் தளர்த்திப் பூட்டியிருக்கிறார் மனிதர்! ட்ரக்டரில் இருந்தவன் கயிற்றோடு குதித்தான்.

மீராசாஹிபு ஈரம் காயாத தன் கையைப் பார்த்தார். “நில்லுடா அங்க!” என்று அவனை அதட்டிவிட்டு, குனிந்து வாய்க்கூட்டைப் பொறுக்கினார்.

“தங்கச்சி, மிச்ச மண்ணக் கொட்டிராதீங்க.”