தூக்கம் என்று நான் சொன்னது

எங்களுடையது ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக்கிராமம். சாமை முற்றும் பருவத்தில் பன்றி வராமல் காவல் காக்க என் கணவர் நிலத்திலேயே படுத்துக்கொள்வார். சென்ற ஆண்டு ஒருநாள் காலை, வயிற்றுவலி என்று வீடு திரும்பினார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஒரே கூட்டம். பெஞ்சில் கண்மூடிச் சாய்ந்தவரை எழுப்ப மனமில்லாமல், பின்னால் வந்தவர்களை முன்னே போகவிட்டேன்.

காத்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்த நர்ஸ் எங்களிடம் நின்றார். "இவருக்கு இன்னாக்கா?"

"வயித்துவலி சிஸ்டர். ராவெல்லாம் காவல், அதான் தூங்கறாரு."

"அண்ணா, என் விரலைப் பாருங்க" என்று விரலை மேலே உயர்த்தினார். என் கணவர் பார்க்க முயன்றார். இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. பேச்சும் குழறியது.

"இது தூக்கம் இல்லக்கா. இவரால கண்ணைத் தொறக்க முடியல. தரையிலயா படுத்தாரு?" கேட்டுக்கொண்டே சக்கர நாற்காலியை இழுத்துவந்தார்.

தூக்கத்தில் கட்டுவிரியன் பாம்பு கடித்திருக்கிறது; வயிற்றுவலியும் அந்த விஷத்தால்தான். கடித்த இடத்தில் வலியும் இல்லை, பல் பட்ட தடமும் தெரியவில்லை. மூச்சு அடங்குவதற்குள் விஷமுறிவு மருந்து ஏறியது.

கத்தி அழுதவர்கள் நிறைந்த இடத்தில், சத்தமே போடாத ஒருவரிடம் நின்ற அந்தப் பெண்ணை நினைக்காத நாளில்லை. இப்போது காவலுக்குக் கட்டிலும் கொசுவலையும் போகின்றன. ஆஸ்பத்திரியில் கண்ணால் கண்டதை மட்டுமே சொல்கிறேன், காரணம் சொல்வதில்லை.

மதியம் இவர் கண்ணயர்ந்தால் எழுப்பி விரலை உயர்த்துகிறேன். திட்டிக்கொண்டே மேலே பார்க்கிறார். அந்தத் திட்டு எனக்கு இனிக்கிறது.