சிறுவாச்சூர் உலக்கை

இன்று சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் மாவிளக்கு போடப் போயிருந்தேன். அங்கே மாவை வீட்டிலிருந்து கொண்டுபோகும் வழக்கம் கிடையாது. கோயிலிலேயே அரிசியை ஊறவைத்து உரலில் இடிக்க வேண்டும்.

இரண்டு வருடமாக என் கைகால்கள் சொல்பேச்சு கேட்காமல் போய்க்கொண்டிருப்பது நண்பர்களான உங்களுக்குத் தெரியும். நரம்பில் ஊசி குத்திப் பார்த்தார்கள். சதையைத் துளி வெட்டிப் பார்த்தார்கள். காரணம் தெரியவில்லை.

இருந்தும் ஆசையில் உலக்கையை எடுத்துவிட்டேன். முழங்காலுக்கு மேல் அது வரவில்லை.

பக்கத்து உரலில் இடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். தன் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து என் உலக்கையைப் பிடித்தாள்.

"நீங்க சும்மா கைய வச்சுக்கங்க. தூக்குறத நான் பாத்துக்கறேன். விழுறது அதுவா விழும்."

அப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. உலக்கை மேலே போகும்போதெல்லாம் என் கையும் எடையில்லாமல் கூடவே போனது. வெயிலில் மாவுத்தூள் மிதந்தது. எங்கிருந்தோ வெல்ல வாசனை. குளத்துத் தண்ணீருக்குள் மெல்ல அசைவது போல இருந்தது.

"ஒடம்புக்கு என்னங்க?" என்றாள்.

"பேரு இன்னும் கண்டுபிடிக்கலங்க."

உலக்கை பாதியில் நின்றது. "அப்ப ஆத்தாகிட்ட என்னன்னு சொல்லி வேண்டிக்குவீங்க?"

விளக்கு ஏற்றும்வரை எனக்கும் தெரியவில்லை. பிறகு கண்ணை மூடிச் சொன்னேன்: "தூக்குறதுக்கு மட்டும் ஆள் அனுப்பு. விழுறத நானே பாத்துக்கறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் மாவு இடிக்கப் போகிறேன். உங்களில் யாருக்குக் கை சும்மா இருக்கிறது?