மூழ்கினால் மாப்பிள்ளை

முனீர் மாமா என்னை ஆற்று டால்பின் என்று சொன்னாராம். மட்டாஞ்சேரியில் அவர் கடைக்கு எதிரே தையல் மெஷின் போட்டிருக்கும் நாணு சேட்டன் சொல்ல, என் தங்கை ஹிஸானா கேட்டு, தோஹாவில் இருக்கும் எனக்கு அனுப்பினாள். டால்பினைப் பிடிக்காதவர் உண்டா? அவர் மகள் ரஹீனாவைப் பெண் கேட்டிருந்த நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு முப்பது வருட மிளகு வியாபாரம். வந்த மூட்டையில் ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போடுவார். மூழ்கினால் சரக்கு, மிதந்தால் பதர். மனிதர்களையும் அப்படித்தான் எடைபோடுவார். பேசும்போது இரண்டு தடவை நாற்காலியை விட்டு எழுந்தார் என்பதற்காக ஒரு நல்ல டாக்டரை மாற்றியவர்.

போன மாதம் இடப்பள்ளியில் மீன் கண்காட்சி. தொட்டித் தரையில் ஒரு வரிச்சுறா இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்ததாம், மாமாவும் அசையவில்லை. பக்கத்துத் திரையில் கங்கை டால்பின் ஒன்று நிமிடத்துக்கொரு தரம் மேலே வந்து, மூச்சுவிட்டு, காணாமல் போயிற்று. ஒரே மகள், வீட்டோடு மாப்பிள்ளை வேண்டும் என்பவருக்கு அது போதாதா? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் நான் டால்பின். அவளையே பெண் கேட்டு வந்து, கடைப் பெஞ்சில் காலைச் சாயா முதல் மதியச் சோறு வரை எழாமல் இருந்து காட்டிய அப்ஸல், சுறா.

பதறிப்போய் டால்பினையும் சுறாவையும் பற்றி மூன்று நாள் படித்துவிட்டு மாமாவை அழைத்தேன். டால்பின் மூச்சுக்காகத்தான் மேலே வருகிறது, குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கிறது, சுறா பிள்ளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"பாலு கொடுக்கட்டும்டா ஷமீலு. அதுக்குக் கண்ணு தெரியாதுன்னு டிவியில சொன்னானே. பின்னே எம் பொண்ணை எப்படிப் பிடிச்சுது?"



வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மாமா அப்ஸல் வீட்டுக்கு வாக்குக் கொடுக்கப் போகிறார் என்று ரஹீனா செய்தி அனுப்பினாள். "அத்தாகிட்ட நீங்களே பேசுங்க. நான் சொன்னா, உனக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்ங்கிறாரு."

வியாழன் மாலை ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். இனி எங்கும் போகமாட்டேன், கடைத் தரையில் படு என்றாலும் படுப்பேன் என்று சொல்ல, இன்று ஜும்மாவுக்கு முன்பே மாமாவை அழைத்துவிட்டேன். நிமிடத்துக்கொரு தரம், இது ஏழாவது தடவை. அவர் எடுக்கவில்லை, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.