ஓடாத அம்புலன்ஸுக்கு முழுப் புள்ளி

முல்லைத்தீவுக் கரையோரத்துச் சிறிய வைத்தியசாலை ஒன்றுக்கு வந்திருக்க வேண்டிய அம்புலன்ஸை வரவிடாமல் செய்தவன் நான்தான்.

பகையால் அல்ல... வியப்பால்! நம்புவீர்களா?

வவுனியாவில் பட்டம் முடித்த சூட்டோடு, நாட்டின் சுகாதார சேவையை மதிப்பிடும் குழுவொன்றில் சேர்ந்தேன். குறைகளைத் தோண்டி எடுக்கும் வேகத்தோடுதான் அந்த வைத்தியசாலையில் போய் இறங்கினேன்.

சற்று நேரத்தில் ஒரு மீனவர் தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். புடையன் பாம்பு கடித்திருந்தது. அதன்பின் நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! பெயரையே பிறகுதான் கேட்டார்கள்; பணப் பேச்சே இல்லை. விஷமுறிவு மருந்து ஏறியது. உடல் நடுங்கியது, மூச்சு இழுத்தது... அங்கிருந்த இளம் பெண் டொக்டர் கட்டிலை விட்டு அசையவில்லை. பொழுதுபட, கடிபட்டவள் கண்திறந்து தேத்தண்ணி கேட்டாள்!

"என்ன தம்பி, வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறீர்? இலையான் பூந்திடப் போகுது!" என்று சிரித்தார் தாதி.

நொடிந்துபோன ஒரு நாடு, இந்தக் கடைக்கோடியில், ஒரு சதமும் கேளாமல் ஓர் உயிரைத் திருப்பிக் கொடுக்கிறதே!

பிறகு டொக்டர் என்னைப் பின்புறம் அழைத்துப் போய், ஓடாமல் கிடந்த பழைய அம்புலன்ஸைக் காட்டினார். டயர்கள் மணலில் புதைந்து கிடந்தன.

"இதை வடிவா எழுதுங்கோ, தம்பி. அப்பத்தான் புதுசு தருவினம். இவாவை இங்கயே காப்பாத்திட்டம். எல்லாரையும் அப்பிடி ஏலாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேணும்."

"ஓம், டொக்டர்" என்றேன்.

எழுதினேனா? மதிப்பீட்டுப் படிவத்தில் 'நோயாளரை அனுப்ப வாகனம் தயாரா?' என்ற கேள்வியில் பேனா நின்றது. இத்தகையவர்களுக்குப் புள்ளி குறைவதா? கை கூசியது. 'ஆம்' என்று அடையாளமிட்டேன். ஏதோ மாலை போட்டவன்போலப் பூரித்தேன்! குறையைச் சொன்னால்தான் உதவி வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையா? டொக்டரே சொன்னாரே...

போன மாதம் அவர் அழைத்தார். புதிய அம்புலன்ஸ் வேறிடம் போய்விட்டது.

"எங்களிட்ட ஓடுற வாகனம் இருக்காம்! நீங்கள் எழுதினதை மேல ஆரோ மாத்திப்போட்டினம் போல. நேற்று ஒரு பிள்ளைத்தாச்சியை மீன் லொறியில அனுப்பினனாங்கள். எங்கட தாதி மிஸ்ஸி ஐஸ் பெட்டிக்கு மேல இருந்து சேலைன் போத்தலைப் பிடிச்சுக்கொண்டு போனவா. ரெண்டு உயிரும் தப்பிட்டுது. அடுத்தமுறை...?"

மறுபடியும் எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பை அக்கணமே வெறுத்தேன்.

"நீங்கள் கண்ணால கண்டனீங்கள்தானே, தம்பி. எங்களுக்காக மேல ஒருக்கா கதையுங்கோவன்."

"ஓம், டொக்டர்" என்றேன். மறுபடியும்!

இன்னும் கதைக்கவில்லை. கதைத்தால் முதலில் என் பெயரைத்தான் சொல்ல வேண்டும்... உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அங்கே, அடுத்த நோயாளிக்காக, இன்னமும் மீன் லொறியைத்தான் தேடுகிறார்கள்.