சும்மா சொன்ன அழைப்பு

வோபர்ன் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ் மாடியில் இருக்கும் நோவா, இஸ்ரேலில் இருந்து வந்த பெண். இன்று காலை லிஃப்டில் கண்டேன். இறங்கும் அவசரத்தில் வழக்கம்போல, "ஒருநாள் வீட்டுக்கு வாங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மூடப்போன கதவைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இண்டைக்கு வரட்டோ? எத்தினை மணிக்கு?"

ஏழு மணி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் கணவர், கதிரையில் மடிக்காமல் கிடந்த உடுப்புகளைப் பார்த்தார். "உது சும்மா சொல்லுறதெண்டு அவவுக்குத் தெரியாதோ?"

தெரியாதுதான். வந்தார். உடுப்புகளைத் தானே நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். மீன் கட்லட்டைக் கடித்து, "உறைப்புக் கூடிப்போச்சு. இன்னொண்டு தாங்கோ" என்றார். ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்தினீர்கள் என்றும் கேட்டார். இதை என் மாமியே சுற்றிவளைத்துத்தான் கேட்பார்.

பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்: "இஞ்ச வந்து ஒரு வருஷமாகுது. எல்லாரும் வாங்கோ எண்டு சொல்லினம். எப்ப எண்டு கேட்டாச் சிரிக்கினம். நான்தான் பிழையாக் கேக்கிறனோ தெரியேல்லை."

காலையில் நானும் சிரித்துத் தப்பியிருப்பேன், வாய் முந்திக்கொண்டது. "பிழையில்லை" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இரவு நாங்கள் மூவரும் அவர் வீட்டில் சாப்பிடுகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போனார். வருவீர்களா என்று கேட்கவில்லை.

வெறுங்கையோடு போக முடியாது. மிளகாய்த்தூள் போடாமல் எனக்கு ஒன்றும் சமைக்க வராது. என்ன கொண்டு போகலாம், சொல்லுங்கள்.