என் கம்ப்யூட்டருக்கு நானே சொன்ன வைத்தியம்

இன்று காலை திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, பழைய கம்ப்யூட்டர் பிரியர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. மூடியைக் கழற்றி வைத்த ஒரு கம்ப்யூட்டரின் உள் போர்டு மட்டும்.

அனுப்பியவர் தங்கராசு அண்ணன். குழுவில் எல்லோருக்கும் ரிப்பேர் பார்த்துக் கொடுப்பவர்.

"கீபோர்டுல ஒரு வரிசை மட்டும் வேலை செய்யல. யாருக்காச்சும் தெரியுமா?"

எனக்குத் தெரியும். என்னிடமும் அதே மாடல் இருந்தது, டிவியில் மாட்டி ஓட்டுகிற எண்பதுகளின் பெட்டி. போன மாதம் திரை கறுத்துப்போனதும் அவரிடம்தான் கொண்டுபோனேன்.

"இது செத்துப்போச்சு தம்பி. பார்ட்ஸுக்குத்தான் ஆகும், வச்சிட்டுப் போங்க" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

இறங்கும்வரை டைப் அடித்தேன். "கீபோர்டுலேர்ந்து போர்டுக்கு வர்ற ரிப்பன் வயர் நுனிய பென்சில் ரப்பரால தேச்சுட்டு மறுபடி சொருகுங்கண்ணே."

"வந்துடுச்சு தம்பி, ரொம்ப தேங்க்ஸ்."

குழுவே கைதட்டியது. நானும் ஒரு கைதட்டல் போட்டேன்.

அப்புறம்தான் மூடி போட்ட முழுப் படத்தை அனுப்பினார். என்டர் கீ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலச் சட்டைப் பட்டன். கீ உடைந்தபோது நான் ஒட்டியது.

இப்போது கேசட்டிலிருந்து புரோகிராம் லோட் ஆகவில்லையாம், என்னைத்தான் கேட்கிறார். அதற்கும் வழி எனக்குத் தெரியும்.

சொல்லட்டுமா?