இடது சுழி

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். வேகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்குக் கால் முறிந்த பிறகு, மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆலை வரைக்கும் பஸ் போகாது. லைசென்ஸோடு போனால் வேலை. இல்லாவிட்டால் வேறு ஆள். வீடு ஸ்ரீரங்கம் உத்தர வீதியில். அவருடைய ஸ்கூட்டரை எடுத்துக் கோயிலைச் சுற்றிச் சுற்றியே பழகினேன். மூலைகளில் அழகாகத் திரும்பினேன்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், பிளஸ் ஒன் படிக்கும் மகள் வண்டியைக் கொள்ளிடக் கரைக்குத் தள்ளி வந்து, கோலமாவால் தரையில் பெரிய எட்டு போட்டாள். டெஸ்டில் அப்படி ஒரு எட்டின்மேல் கால் ஊன்றாமல் ஓட்ட வேண்டும். வலது சுழி வந்துவிட்டது. இடது சுழியில் காலை ஊன்றினேன். மறுபடியும் அப்படியே.

"கோயிலை வலமாவே சுத்தியிருக்கே. இடது பக்கம் திரும்பினதே இல்லையாம்மா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"ரெண்டு சுழியிலயும் வேகம் ஒண்ணுதாண்டி. மீட்டர் முள்ளு நகரவே இல்லையே."

"வேகம் அதேதான். திசை மாறுதுல்ல? ரெண்டும் சேர்ந்தாத்தான் திசைவேகம். அது மாறினா முடுக்கம்."

"ஆக்ஸிலேட்டரை நான் திருகவே இல்ல. முடுக்கம் எங்கேருந்து வரும்?"

"இப்படி எழுதித்தான் நானும் மார்க்கை விட்டேன். திரும்பினாலே முடுக்கம்மா, வளைவுக்கு உள்பக்கமா. வண்டியும் உள்ளே சாயணும். நீ பயந்து வெளியே சாயுறே."

சத்திரம் பேருந்து நிலையத்துக்குள் பஸ் ஒரே வேகத்தில் வளையும்போதும் நான் கம்பியை இறுகப் பிடிப்பது நினைவுக்கு வந்தது. புரிந்துவிட்டது. ஆனால் இடப்பக்கம் சாயச் சொன்னால் உடம்பு கேட்கவில்லை.

"உத்தர வீதியை நாலு தடவை இடமா சுத்து. சரியாயிடும்."

"வாயைக் கழுவுடி! பெருமாளை அப்பிரதட்சணமாவா சுத்துவாங்க?"

"பெருமாளா உனக்கு லைசென்ஸ் எடுத்துத் தரப்போறார்?"

வீட்டு வாசலுக்கு வந்ததும் வண்டியை இடமாகச் சுற்றும் பக்கம் திருப்பி நிறுத்தினேன். வேலையை நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மகள், "போம்மா, போ" என்றாள். வண்டியைத் திருப்பி வலமாகவே ஒரு சுற்றுப் போய்வந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் டெஸ்டில் இடது சுழியில் கால் ஊன்றிவிட்டேன். சாயங்காலம் ஆலையில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள்.